மகளின் மீசை முடியை நோகாமல் எடுப்பது எப்படி: சிறப்புத் தேவையுள்ள பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு

பூப்பெய்தும் வயதை ஒட்டி மேலுதட்டிலும் கன்னத்தோரத்திலும் பூனைமுடி கருக்கத் தொடங்குவது இயல்புதான். மற்ற பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்து, தோழிகளைக் கேட்டு, அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு என்று ஏதோ ஒன்றோடு வாழும் மகளுக்கு அந்த வேலை அம்மாவிடமோ அக்காவிடமோ வந்து சேர்கிறது. எந்தக் கருவி என்பது இதில் பாதிக் கேள்வி கூட இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் நிறுத்தச் சொன்னால் அது நிற்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சாதாரண ட்ரிம்மரே போதும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் பீரோவுக்குள் தூங்கும்.

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா? அவள் கண்ணாடி முன் நின்று உதட்டைத் தேய்க்கிறாள், பள்ளியில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள், முடியில் உணவும் எச்சிலும் ஒட்டித் தோல் புண்ணாகிறது என்றால் காரணம் இருக்கிறது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் உறுத்துகிறது என்றால் விட்டுவிடுவதும் நியாயமான முடிவுதான். பேசாத பிள்ளையிடமும் கேட்கலாம். முடி உள்ள முகம், முடி இல்லாத முகம் என இரண்டு படங்களைக் காட்டி, வெவ்வேறு நாட்களில் சில முறை கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் அதை நம்பலாம்.

மருத்துவரிடம் எப்போது சொல்ல வேண்டும்

மேலுதட்டில் மெல்லிய முடி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சில மாதங்களுக்குள் தாடை, மார்பு, அடிவயிறு என்று முரட்டு முடி பரவுவது, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, குரல் தடிப்பது, தலைமுடி முன்பக்கம் கொட்டுவது இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. சினைப்பையோடு தொடர்புடைய ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். அதற்கு அடிக்கடி காணப்படும் காரணம்.

மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் முகத்திலும் உடலிலும் முடியை வளரவைக்கும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்புரோயேட் பி.சி.ஓ.எஸ். போன்ற மாற்றங்களைக் கொண்டுவரலாம், சிலருக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் குறைக்கும். அதனால் இந்த மருந்து சாப்பிடும் பிள்ளைக்குச் சின்னக் கீறல்கூட வழக்கத்தைவிட நேரம் ரத்தம் கசியலாம். 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. முடி வளர்கிறதே என்று வலிப்பு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எந்தக் கருவி

எங்கள் பரிந்துரை, முகத்துக்கென்று செய்த பேட்டரி ட்ரிம்மர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பேனா போல ஒல்லியாக, நுனியில் பல் வைத்த சின்ன வெட்டுத்தலை உள்ளது. எவ்வளவு நீளமான முடியையும் வெட்டும். ஆனால் உதட்டோரம் போன்ற தளர்ந்த தோலை அந்தப் பல் சில சமயம் கவ்விவிடும். இன்னொன்று லிப்ஸ்டிக் போல உருண்டையாக, தலையில் ஓட்டை ஓட்டையாக உலோகத் தகடு மூடியது. பிளேடு தகட்டுக்குப் பின்னால் சுழல்வதால் தோலில் நேரடியாகப் படாது. திடீரென்று தலையை அசைக்கும் பிள்ளைக்கு இதுதான் பத்திரம். குறை என்னவென்றால், நீளமாகப் படிந்த முடி ஓட்டைக்குள் நுழையாமல் வழுக்கிப் போகும். முதல் தடவை பேனா வகையால் குட்டையாக்கிவிட்டு, பிறகு வாரா வாரம் உருண்டை வகையைப் பயன்படுத்துவது நல்ல ஏற்பாடு.

வாங்கியதும் ஓடவிட்டு உங்கள் கன்னத்து எலும்பில் வைத்துப் பாருங்கள். கையில் பிடித்தபோது கேட்டதைவிட இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்றும், எலும்பு வழியாக ஒலி காதுக்குள் போகிறது. மேலுதட்டில் வைத்தால் அதிர்வு முன்பற்களில் தெரியும். அவள் தட்டிவிடுவது பெரும்பாலும் வலியால் அல்ல, இதனால்தான்.

சத்தமே ஆகாது, ஆனால் அசையாமல் உட்காருவாள் என்றால், முகத்துக்கான ஒற்றை பிளேடு ரேசர் ஒத்துவரும். விளிம்பில் பாதுகாப்புப் பல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தோலில் மெல்லிசாக ஜெல் தடவி, 45 டிகிரி சாய்வில், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குமேல் போகாத சின்னச் சின்ன இழுப்பாக எடுக்க வேண்டும். முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தால் பிளேடு மழுங்கிவிட்டது, தூக்கிப் போடுங்கள். வலிப்பு கட்டுப்படாத பிள்ளைக்கும் திடுக்கிட்டுத் துள்ளும் பிள்ளைக்கும் திறந்த பிளேடு வேண்டவே வேண்டாம்.

முடி நீக்கும் க்ரீம் பார்க்க மென்மையாகத் தெரியும். ஆனால் அது முடியைக் கரைப்பதே கடுமையான காரத்தன்மையுள்ள ரசாயனத்தால். சொன்ன நேரத்துக்கு மேல் வைத்தால் தோல் எரியலாம். அதோடு வாடை வேறு. அத்தனை நிமிடம் உதட்டை நக்காமல், கை வைக்காமல், கண்ணைத் தேய்க்காமல் இருக்க வேண்டும். எச்சில் வழியும் பிள்ளைக்கு இது ஆபத்து. த்ரெட்டிங், வாக்ஸிங், முகத்தில் உருட்டும் சுருள்கம்பி எல்லாம் வேரோடு பிடுங்குபவை. 2 முதல் 4 வாரம் தாங்கும் என்பது உண்மை. அவளே கேட்டு, வலியைச் சமாளித்தால் செய்யலாம், தொடக்கமாக அது வேண்டாம். பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் தடவும் பிள்ளைக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் வாக்ஸிங் கூடவே கூடாது, மெழுகோடு தோலும் உரிந்து வரும். மரத்துப்போகும் க்ரீமை முகம் முழுக்கப் பூசி வலியை மறைக்கலாம் என்ற யோசனையும் தவறு. அதில் உள்ள லிடோகெய்ன் என்ற மருந்து அளவு மீறி உடலில் சேர்ந்தால் வலிப்பையே தூண்டும்.

ட்ரிம்மரோ ரேசரோ போட்டால் முடி தடித்து வளரும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே வெட்டுவது அதற்குத் தெரியாது. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

முடி எடுக்காத முதல் சில வாரங்கள்

அவசரப்படுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் நாளே மேலுதட்டில் வைத்தால் அடுத்த தடவை துண்டைப் பார்த்ததுமே ஓடிவிடுவாள்.

முதலில் ட்ரிம்மரை அணைத்த நிலையில், மூடியோடு, அவள் புழங்கும் மேஜையில் போட்டுவையுங்கள். எடுத்துப் பார்க்கட்டும், திருகட்டும். அது பழகிய பிறகு துண்டில் சுற்றி ஓடவிடுங்கள், பிறகு துண்டில்லாமல். அடுத்தது ட்ரிம்மரின் பின்பக்கம், அதாவது வெட்டாத பக்கம்: உள்ளங்கை, முன்கை, தோள், கன்னம் என்ற வரிசையில் ஓடவிட்டபடி தொடுங்கள். அதன் பிறகே வெட்டும் பக்கம், அதுவும் காதோரக் கிருதாவில் ஒரே ஒரு இழுப்பு. பிறகு தாடை. மேலுதடு கடைசி.

ஒவ்வொரு கட்டமும் ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் அவள் அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். முகம் சுளித்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள், அது தோல்வி இல்லை. சில வாரங்களில் தயாராகும் பிள்ளையும் உண்டு, இரண்டு மாதம் எடுப்பவளும் உண்டு.

இதனோடு ஒரு பட வரிசை தயார் செய்யுங்கள். துண்டு, ட்ரிம்மர், முகம் துடைப்பது, அவளுக்குப் பிடித்த ஒன்று என நான்கு படம் போதும். உங்கள் வீட்டுப் பொருட்களையே போட்டோ எடுத்து ஒட்டினால் கார்ட்டூன் படத்தைவிட வேகமாகப் புரியும். சொற்களும் மாறக் கூடாது. "கண்ணு, அம்மா உதட்டுல வைக்கட்டுமா?" என்று கேட்டு, தலையசைப்போ பார்வையோ வரும்வரை காத்திருங்கள். பிறகு எண்ணுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, முடிஞ்சுது." மூன்றில் கை எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சூண்டுதான்டா" என்று நான்காவது இழுப்பு இழுத்தீர்களானால் அதுவரை சேர்த்த நம்பிக்கை அத்தனையும் போச்சு. கையில் ஒரு சிவப்பு அட்டையும் கொடுங்கள். அதைத் தூக்கினால் அந்த நொடியே ட்ரிம்மர் முகத்தைவிட்டு விலக வேண்டும். முதல் வாரம் சும்மா சோதித்துப் பார்க்கவே பத்துத் தடவை தூக்குவாள். பத்துத் தடவையும் நிறுத்துங்கள்.

எடுக்கும் நாள்

பசியோ தூக்கமோ இல்லாத நேரம், ஜன்னல் பக்கத்து வெளிச்சம். எதிரொலிக்கும் குளியலறையைத் தவிருங்கள். முந்தின இரவு வலிப்பு வந்திருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பாதம் இரண்டும் தரையில் பதியும் நாற்காலியில் உட்காரவையுங்கள். கால் தொங்கினால் உடம்பு நிலையில்லாமல் தோன்றி எரிச்சல் கூடும். நீங்கள் பின்னாலிருந்து கை நீட்டாமல், அவள் பார்க்கும்படி எதிரில் கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள். உங்கள் மூச்சு அவள் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்கு ட்ரிம்மரைவிட அதுதான் தாங்காது.

லேசான தொடுதல் கூசும், அழுத்தமான தொடுதல் அமைதிப்படுத்தும். பல பிள்ளைகளிடம் இது பொருந்துகிறது. வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியை உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவள் கன்னத்திலும் உதட்டின் மேலும் ஐந்து நொடி நன்றாக அழுத்தி எடுங்கள். பிறகு தோலை முழுதாக உலரவிடுங்கள். ஈரத் தோலிலும் வியர்வையிலும் முடி படிந்துகொள்ளும், ட்ரிம்மர் தலை இழுபடும். க்ரீமோ எண்ணெயோ இப்போது வேண்டாம்.

ட்ரிம்மரை முகத்தருகே கொண்டுபோன பிறகு ஓடவிடாதீர்கள். தூரத்தில் ஓடவிட்டு, அதைக் காட்டி, பிறகு கிட்டே வாருங்கள். கருவி பிடித்த கையின் சுண்டுவிரல் அவள் தாடையில் ஊன்றியிருக்கட்டும். அவள் தலையைச் சட்டென்று திருப்பினால் உங்கள் கையும் கூடவே நகரும், கீறல் விழாது. இந்த ஒன்றை மட்டும் முதலில் உங்கள் முகத்திலேயே பழகிக்கொண்டு வாருங்கள்.

மறு கையின் விரலால் வாயோரத்தை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துத் தோலை இறுக்குங்கள். சொன்னால் செய்யக்கூடியவள் என்றால், நாக்கை மேலுதட்டுக்குள் வைத்து உப்பச் சொல்லுங்கள். தோலும் விறைக்கும், அவள் பற்களுக்கு மெத்தையும் கிடைக்கும். இடது வாயோரத்தில் மூன்று இழுப்பு, வலது வாயோரத்தில் மூன்று, மறுபடி இடதில் கொஞ்சம் உள்ளே, மறுபடி வலதில். இப்படி மாற்றி மாற்றிப் போனால் அவள் எந்த நிமிடம் நிறுத்தச் சொன்னாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும். மூக்குக்கு நேர் கீழே உள்ள பள்ளம் கடைசி. அங்கேதான் கூச்சம் அதிகம், தும்மலும் வரும். கண் சுருங்கி மூக்கு விடைத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.

இழுக்கும் திசை முதலில் முடி வளரும் பக்கமே, அதாவது மேலிருந்து கீழாக, வெளிப்பக்கமாக. அதைத் தாங்கிக்கொண்டால் எதிர்த்திசையில் ஒரு தடவை போங்கள், இன்னும் குட்டையாக வரும். அழுத்த வேண்டாம். முடி வெட்டுப்படவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தமில்லை, பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது ட்ரிம்மர் தலையில் முடி அடைத்திருக்கும். பேட்டரி பலம் குறைந்த ட்ரிம்மர் முடியை வெட்டாமல் கவ்வி இழுக்கும், சத்தமும் மாறும். நேற்றுவரை ஒத்துழைத்தவள் இன்று அலறினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

ஒவ்வொரு மூன்று இழுப்புக்கும் ஈரத் துணியால் உதட்டை ஒற்றி எடுங்கள். வெட்டிய முடித்தூள் உதட்டில் விழுந்து நாக்கில் ஒட்டுவது பெரிய தொல்லை, சொல்லத் தெரியாத பிள்ளை அதைக் கோபமாகத்தான் காட்டுவாள்.

மேலே எழும்பிய மச்சம், பழுத்த பரு, உதட்டோரக் கொப்புளம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் போங்கள். உதட்டோரக் கொப்புளத்தின் மேல் கருவி போனால் அது முகம் முழுக்கப் பரவக்கூடும்.

தாடையும் கழுத்தும், உடல்நிலைக்கு ஏற்ப

தாடைக்கு அடியில் முடி சுழி சுழியாக வளரும். விரலால் தடவி, எந்தப் பக்கம் தடவினால் முரடாகக் குத்துகிறதோ அதற்கு மறுபக்கம் வெட்டுங்கள். இந்த இடத்தைப் பார்ப்பதற்காக அவள் தலையைப் பின்னுக்குச் சாய்க்காதீர்கள், நீங்கள் குனியுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கும், கழுத்தை வலிந்து வளைப்பது தண்டுவடத்துக்கே ஆபத்து. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தலை பின்னால் போனால் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும்.

பெருமூளை வாதம் உள்ள மகளுக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினாலே கை, கால் தானாக விறைக்கலாம். தலையை நடுவில் வைத்து, தலைதாங்கியோ தலையணையோ கொடுத்து, நீங்கள் இடம் மாறிப் போங்கள். வாயருகே தொட்டால் கடிக்கும் அனிச்சை இருந்தால் விரலை உதட்டுக்குள் விடாதீர்கள். எச்சில் நனைத்த தாடைத் தோல் ஊறிப்போயிருக்கும். ஒற்றித் துடைத்து உலரவிட்ட பிறகே தொடுங்கள், முடித்ததும் மெல்லிசாக வாசலின் தடவுங்கள்.

வலியே உணராதவள் போல இருக்கும் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை. அவள் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, தோலைப் பாருங்கள். ஓர் இடம் சிவந்து சூடானால் அங்கே அன்றைக்கு அவ்வளவுதான்.

யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். கதவு சாத்திய அறை, முன்கூட்டியே முடிவு செய்த ஒன்றிரண்டு பேர், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத் தொடுவது. கையைக் காலைப் பிடித்து அமுக்கி எடுத்துவிடலாம் என்று தோன்றும் நாள் வரும். பெரியவர்கள் பிடித்தால் அடங்கிப்போக வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுப்பதைவிடப் பாதி மீசை இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு

குளிர்ந்த ஈரத் துணியை ஒரு நிமிடம் வையுங்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒரு பட்டாணி அளவு. அன்று ஸ்க்ரப், சென்ட், பவுடர் எதுவும் வேண்டாம். வெயிலில் போவதாக இருந்தால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். மாநிறத்திலும் கருத்த நிறத்திலும் தோல் எரிச்சலடைந்த இடம் கருமையாகப் படிந்துவிடும், மறைய மாதக்கணக்காகும். மென்மையாக எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னச் சிவப்புப் புள்ளிகள் இரண்டு நாளில் அடங்கும். முடி தோலுக்குள்ளேயே சுருண்டுகொண்டால் ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், வெதுவெதுப்பான ஈரத் துணியைப் பத்து நிமிடம், தினம் இருமுறை வையுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் போங்கள்.

முடி நாளொன்றுக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் வளரும் என்பதால் வாரம் ஒரு முறை என்பது பெரும்பாலும் சரியாக வரும். கிழமையை மாற்றாதீர்கள். வாரா வாரம் இரண்டு நிமிடம் என்பது, மாதம் ஒருநாள் அரைமணி நேரப் போராட்டத்தைவிட இருவருக்கும் சுலபம்.

பழகிய பிறகு கடைசி இழுப்பை அவளிடம் கொடுங்கள். உங்கள் கை கீழே, அவள் கை மேலே. அப்போதுதான் அவள் நினைத்தால் கையை எடுத்துக்கொள்ள முடியும். கடைசி ஒன்று கைவந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. கடைசியிலிருந்து முன்னோக்கிக் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது அவளாகவே இருப்பாள்.

லேசர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். லேசர் முடியின் கருமையைத் தேடிச் சுடுகிறது, தோலும் கருத்திருந்தால் தோலையும் சுடும். அதனால் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி.யாக் என்ற வகை லேசரும், கருத்த தோலில் அனுபவமுள்ள தோல் மருத்துவரும் வேண்டும். ஒளியைப் பாய்ச்சி முடியைக் குறைக்கும், வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். கருவிகள் கருத்த தோலுக்கு உகந்தவை அல்ல. 4 முதல் 6 வார இடைவெளியில் குறைந்தது 6 தடவையாவது போக வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கொண்டு, ரப்பர்பேண்டால் சுண்டுவது போன்ற அடிகளை அசையாமல் வாங்க வேண்டும். ஹார்மோன் காரணம் சரியாகாதவரை முடி திரும்பவும் வரும். சிலருக்கு முகத்தில் லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுவதும் உண்டு. மயக்க மருந்து கொடுத்தாவது செய்துவிடலாமா என்று கேட்டால், வெறும் அழகுக்காக என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எஃப்லார்னிதின் என்ற க்ரீம் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் இடங்களில் ஒரு துணை. தினம் இருவேளை தடவினால் சுமார் 8 வாரத்தில் வளர்ச்சி மெதுவாகும். இருக்கும் முடியை அது நீக்காது, நிறுத்தினால் பழையபடி வளரும்.

ட்ரிம்மரை ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷால் தட்டி, தலையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் மூடிவையுங்கள். வீட்டில் வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. அவளுக்கு ஒத்துவந்த மாடல் இதுதான் என்று தெரிந்ததும் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிவையுங்கள். பழுதான நாளில் சத்தமும் உருவமும் வேறான புதியதை நீட்டினால், துண்டில் சுற்றி ஓடவிடும் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.